சுமைதாங்கிக் கல் நின்ற சாலை

சென்னையிலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே செல்லும் பெருஞ்சாலை, செம்பரம்பாக்கத்தைக் கடந்து, இருங்காட்டுக்கோட்டையின் மோட்டார்த் தொழிற்சாலைகளை உரசிக்கொண்டு, உடையவர் அவதரித்த தலமாகிய ஸ்ரீபெரும்புதூரை அடைந்ததும், அதிலிருந்து ஒரு கிளை தெற்கே ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலை நோக்கித் திரும்ப, தலைச்சாலை சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம் என்று மேற்கே நீண்டு போகிறது. இன்று கொள்கலன் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் இரவு பகல் என்றில்லாமல் ஓடுகிற இந்தப் பாதையில், ஒரு காலத்தில் ஜனங்கள் நெல் மூட்டையையும் விறகுக் கட்டையும் தலையில் வைத்துக்கொண்டு கால்நடையாகவே பிரயாணம் செய்தார்கள். அப்படி நடந்தவர்கள் பிறர் கைத்துணை இல்லாமல் பாரத்தை இறக்கி இளைப்பாறவும், மீண்டும் தாமாகவே தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் ஏற்றபடி, இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் பாவிய சுமைதாங்கிகள் தொண்டைமண்டலத்துச் சாலைகளின் ஓரங்களில் நின்றன. காஞ்சிபுரத்தைத் தாண்டி வாலாஜாபேட்டையை நோக்கிப் போனால் சுமைதாங்கி என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருப்பதைக் காணலாம்.

அந்தக் கற்களை யார் நாட்டினார்கள், எதற்காக நாட்டினார்கள் என்று கேட்டால், வயது முதிர்ந்தவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே ஒரு பெண் இறந்துபோனால், அவள் இறக்கி வைக்காத பாரம் அவளுடைய ஆன்மாவை அழுத்திக்கொண்டே இருக்கும் என்றும், வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை அவள் பேரால் நாட்டிய கல்லின்மேல் இறக்கி வைக்கும்போதெல்லாம் அவளுடைய பாரமும் சிறிது சிறிதாக இறங்கும் என்றும் நம்பிய குடும்பத்தார், தம் சக்திக்கு ஏற்றபடி ஒரு கல்லை நாட்டி வைத்தார்கள். பெயர் பொறித்த கற்களும் சில உண்டு. பெரும்பாலானவை மொட்டைக் கற்கள். சாலைகள் இருவழியாகவும் நால்வழியாகவும் விரிந்த வேகத்தில் பல மறைந்துவிட்டன. எஞ்சி நிற்பவற்றைக் காணும்போதெல்லாம், இந்தப் பெண் எதனால் இறந்தாள் என்ற கேள்வி என் மனத்தில் எழாமல் இருந்ததில்லை.

அதற்கு விடை ஒன்றல்ல. பிள்ளை குறுக்கே கிடந்து பிரசவமாகாமல் மாண்டவர்கள் உண்டு. உதிரம் பெருகி மாண்டவர்கள் உண்டு. இவற்றோடு, நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்த பெண், தலைவலிக்கிறது என்று சொல்லிப் படுத்து, கண் இருட்டுகிறது என்று சொல்லி எழுந்து, சட்டென்று கைகால்கள் விறைத்து, நாக்கைக் கடித்து, வாயில் ரத்த நுரை தள்ளி நினைவிழந்து போகிற மரணமும் இருந்தது. ஜனங்கள் அதைப் பிரசவ ஜன்னி என்றார்கள். ஜன்னி என்ற சொல்லுக்கும் அஞ்சியவர்கள், காற்றுப் பட்டுவிட்டது என்றார்கள். பூசாரியை அழைத்து வேப்பிலை அடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாழிகைக்கு நாழிகை வந்து வந்து போகிற அந்த வலிப்பைக் கண்ட மேனாட்டு வைத்தியர்களும் அதற்கு இட்ட பெயர் எக்ளாம்ப்சியா என்பதே. மின்னலைப்போல் திடீரென்று வெட்டுவது என்ற கருத்துடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த அந்தப் பெயரில், காரணம் தெரியாத திகைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

மின்னல் என்று சொன்னாலும், அது முன்னறிவிப்பில்லாமல் வருவது அபூர்வம். ஐந்து மாதம் கடந்தபின் சில கர்ப்பிணிகளுக்கு, அதிலும் தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவர்களுக்கு, ரத்த அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கும். சிறுநீரில் புரதம் கசியும். முகமும் கைகளும் வீங்கும். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் நஞ்சுக்கொடி தாயின் கருப்பைக்குள் வேர்விடும்போது அங்குள்ள ரத்தக் குழாய்கள் போதிய அளவு அகன்று கொடுக்காமற் போவதே இதன் மூலம் என்றும், ரத்தம் போதாத நஞ்சுக்கொடி வெளியிடும் பொருள்கள் தாயின் உடம்பெங்கும் உள்ள ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன என்றும் இப்போது வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. அழுத்தம் 140-க்கு 90 என்ற எல்லையைத் தொட்டால் எச்சரிக்கை; 160-க்கு 110 என்ற எல்லையைத் தொட்டால் அது கடுமையான நிலை; மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழக்கலாம், நஞ்சுக்கொடி பிள்ளை பிறக்கும் முன்பே பிரிந்து வயிற்றுக்குள்ளேயே உதிரம் பெருகலாம். பிள்ளையோ எடை குன்றியோ, மாதம் நிறையாமலோ, சில சமயம் உயிரில்லாமலோ பிறக்கும்.

நம் பாமர ஜனங்களின் பேச்சில் இந்த நோய்க்கு ஓர் ஆச்சரியமான சொல் வழங்கிவருகிறது. கர்ப்பிணியின் கால் வீங்கினால் உப்புநீர் இறங்கியிருக்கிறது என்பார்கள். சிறுநீரைச் சோதித்துப் புரதம் காணப்பட்டால், ஆஸ்பத்திரி ஊழியர்களும் உப்பு இருக்கிறது என்றே சொல்கிறார்கள். சோதனையில் தெரிவது உப்பு அல்ல, முட்டையின் வெண்கருவை ஒத்த புரதப் பொருள். ஆனாலும், வீக்கத்தையும் சிறுநீரையும் ஒரே சொல்லால் இணைத்துப் பார்த்த அந்த அனுபவ அறிவை நான் மதிக்கிறேன். லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்ற வைத்தியர், வலிப்பு கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்து, அது வெண்மையாகத் திரிவதைக் கண்டு உலகுக்கு அறிவித்தது 1843-ஆம் வருஷத்தில்தான்.

அதற்கு அடுத்த வருஷம், 1844-இல், சென்னை எழும்பூரில் அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரி நிறுவப்பட்டது. ஆசியாக் கண்டத்திலேயே இத்தகைய ஆஸ்பத்திரிகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாகிய அது, 1880-களின் தொடக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்கும் பணியும் அங்கேயே நடந்தது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் ஸ்திரீகளுள் ஒருவரான மேரி ஷார்லீப், அந்நிய ஆடவர் முன் வராத கோஷா ஸ்திரீகளுக்கென 1885-இல் தனி ஆஸ்பத்திரி ஏற்படக் காரணமாக இருந்தார். 1912-இல் அதே கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளிவந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, எழும்பூர் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். இந்தப் பெயர்களெல்லாம் நம் நகரத்தின் பெருமைக்கு உரியவையே. ஆனால் ஸ்ரீபெரும்புதூரைச் சேர்ந்த ஒரு குடியானவன், நினைவிழந்த மனைவியை வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் கிடத்திக்கொண்டு, நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள எழும்பூரை அடைய ஓர் இரவு முழுதும் ஆகியிருக்கும். அந்த ஓர் இரவில் எத்தனை வலிப்பு வந்திருக்கும் என்று கணக்கிட்டால், அந்தப் பெருமை அவனுக்கு எட்டாத் தொலைவில் இருந்தது தெரியும்.

எட்டியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இராது என்பதுதான் துக்ககரமான உண்மை. ரத்த அழுத்தத்தை அளக்க, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைக்கும் பாதரசக் கருவியை இத்தாலிய வைத்தியர் ரிவா ரோச்சி வெளியிட்டது 1896-இல். அடுத்த ஆண்டிலேயே, வலிப்பு கண்ட கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பதைப் பிரெஞ்சு வைத்தியர்களான வாக்கேயும் நோபெக்கூரும் கண்டார்கள். முழங்கை மடிப்பில் குழலை வைத்து நாடியின் ஒலியைக் கேட்கும் முறையை ருஷ்யரான கொரொட்காவ் சொன்னது 1905-இல். இவற்றுக்கெல்லாம் முன் பிறந்து இறந்த கோடிக்கணக்கான பெண்களுக்கு, ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டும் எளிய கருவி உலகில் இல்லை.

கருவி கிடைத்த பிறகும் வைத்தியம் கிடைக்கவில்லை. வலிப்பு வந்தவளை வெளிச்சமும் ஓசையும் புகாத இருட்டறையில் கிடத்தி, மார்பியாவும் குளோரல் ஹைட்ரேட்டும் கொடுத்து உறங்கவைப்பதே ருஷ்யாவின் ஸ்ட்ரொகனாவ் என்பவர் வகுத்த முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல தேசங்களில் பல ஆண்டுக்காலம் கையாளப்பட்டது அதுவே. நம் நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் எக்ளாம்ப்சியா அறை என்று ஒன்று தனியாக இருந்தது. ஜன்னல்களுக்குக் கனத்த திரை. பக்கங்களில் கட்டை அடித்த இரும்புக் கட்டில். நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கப் பற்களுக்கிடையே வைக்கத் துணி சுற்றிய மரக்கட்டை. மிதித்தால்கூட ஓசை எழாதபடி வெறுங்காலோடு நடமாடும் தாதி. வாசலில், உள்ளே போக அனுமதியில்லாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய். அந்த அறையைப் பற்றிப் பழைய தாதிமார்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, அங்கே வைத்தியத்தைவிடக் காத்திருத்தலே அதிகம் நடந்தது என்பது புரியும்.

இந்த நிலையில்தான் சென்னை தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. எழும்பூர் ஆஸ்பத்திரியின் முதல் இந்தியத் தலைவராக விளங்கியவரும், பிற்காலத்தில் சென்னைச் சர்வகலாசாலைக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் துணைவேந்தராக இருந்தவருமான டாக்டர் ஆற்காடு லக்ஷ்மணசுவாமி முதலியார், சென்னை நகரத்தில் பிரசவத்தில் மாளும் பெண்கள் எந்தெந்தக் காரணத்தால் மாளுகிறார்கள் என்று 1930-களில் விசாரணை நடத்தினார். ஒரு பெண் செத்தால் விதி என்று சொல்லி ஈமக்கடன் முடித்து எழுந்து போகிற நாட்டில், அவள் ஏன் செத்தாள் என்று வீட்டு வாசலில் நின்று கேட்கும் வழக்கம் அங்கே தொடங்கியது. பின்னாளில் தமிழ்நாடு அடைந்த வெற்றிக்கு வித்து அந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அவர் எழுதிய பிரசவ வைத்திய நூலைப் பின்னர் அவரோடு சேர்ந்து வளர்த்தெடுத்தவர் பேராசிரியர் எம்.கே. கிருஷ்ண மேனன். முதலியார்-மேனன் என்ற இரட்டைப் பெயரால் அந்த நூலை இந்தியாவின் மருத்துவ மாணவர்கள் இன்றும் அறிவார்கள்.

கிருஷ்ண மேனன், எக்ளாம்ப்சியா சிகிச்சையின் வளர்ச்சியைப் பற்றி 1961-இல் பிரிட்டிஷ் பிரசவ வைத்தியப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை, சென்னையின் அனுபவத்தை உலகத்தின் முன் வைத்தது. குளோர்ப்ரோமஸின், ப்ரோமெதஸின், பெத்திடின் ஆகிய மூன்று மருந்துகளைக் கலந்து கொடுத்து, நரம்புகளின் கொதிப்பை அடக்கி, வலிப்பை நிறுத்தும் அவருடைய முறை மேனன் முறை என்ற பெயரோடு நாடெங்கும் பரவியது. இருட்டறையும் மார்பியாவும் மட்டுமே கதி என்றிருந்த நிலையோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். ஆனால் தாயை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தும் மருந்து பிள்ளையையும் எட்டுகிறது. தாயின் மூச்சையும் விழிப்பையும் மணிக்கணக்காகக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. அதனால் அந்த முறை பிற்காலத்தில் கைவிடப்பட்டது. அதற்காக மேனனின் புகழ் ஒரு துளியும் குறையாது. அன்று கையில் இருந்ததைக்கொண்டு, ஏழைப் பெண்கள் நிரம்பி வழிந்த வார்டுகளில், உயிர்களைக் காத்தவர் அவர்.

அதன் இடத்துக்கு வந்த மருந்தின் சரித்திரம் இன்னும் விசேஷமானது. நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த, நாட்டு மருந்துக் கடையில் சில காசுகளுக்குக் கிடைத்த, பேதி உப்பு என்ற அந்த வெள்ளைத் தூளே அது. இங்கிலாந்தில் எப்ஸம் என்ற ஊரின் கசப்பு ஊற்றுநீரிலிருந்து எடுக்கப்பட்டதனால் எப்ஸம் உப்பு என்றும், ரசாயன நூல்களில் மெக்னீசியம் சல்பேட் என்றும் பெயர் பெற்ற இதை, 1920-களில் லாஸ் ஏஞ்சலீஸில் லஸார்டு என்பவர் வலிப்பு கண்ட கர்ப்பிணிகளுக்கு ரத்த நாளத்தில் செலுத்திப் பயன் கண்டார்; 1955 முதல் டல்லாஸ் நகரத்துப் பார்க்லண்டு ஆஸ்பத்திரியில் பிரிட்சர்டு அதற்கு ஒரு கிரமம் வகுத்தார். அமெரிக்கர்கள் நம்பினார்கள், மற்றவர்கள் சந்தேகித்தார்கள். வலிப்புக்கு டயஸிபாம்தான் சிறந்தது என்று ஒரு சாராரும், ஃபெனிடாயின்தான் சிறந்தது என்று மற்றொரு சாராரும் வாதித்துக்கொண்டே ஆண்டுகள் பல கழிந்தன. இந்தியா உள்ளிட்ட பல ஏழை தேசங்களின் ஆஸ்பத்திரிகளில் 1,687 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 1995-இல் வெளிவந்தபோது, பேதி உப்பு பெற்றவர்களுக்கு மீண்டும் வலிப்பு வருவது டயஸிபாம் பெற்றவர்களைவிட 52 சதவீதமும், ஃபெனிடாயின் பெற்றவர்களைவிட 67 சதவீதமும் குறைவு என்று தெளிவாயிற்று. 33 தேசங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடத்தி 2002-இல் முடிவு வெளியிட்ட மற்றொரு சோதனை, வலிப்பு வருவதற்கு முன்பே இம்மருந்தைக் கொடுத்தால் அதன் அபாயம் பாதிக்கும் கீழே குறைகிறது என்று காட்டியது.

இந்த மருந்தைக் கொடுக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நான்கு கிராம் ரத்த நாளத்தில் மெதுவாக, பத்து கிராம் இரு பிட்டங்களிலும் சமமாகப் பிரித்து ஆழமாக. அதன் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து கிராம். ஒவ்வொரு முறையும் ஊசியைக் கையில் எடுக்கும் முன், செவிலியர் அந்தப் பெண்ணின் போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே சிறு ரப்பர்ச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். கால் துள்ளினால் மருந்து அளவோடு இருக்கிறது. துள்ளாவிட்டால் அடுத்த ஊசியை நிறுத்த வேண்டும், இல்லையேல் மூச்சு அடங்கிவிடும். மூச்சை எண்ணுகிறார், பையில் இறங்கியிருக்கும் சிறுநீரைக் குனிந்து அளந்து பார்க்கிறார், மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் தலைமாட்டில் தயாராக இருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்க்கிறார். கோடி ரூபாய் யந்திரம் எதுவும் அங்கே இல்லை; ஒரு சுத்தியல், ஒரு கடிகாரம், விழித்திருக்கும் ஒரு மனுஷி, இவ்வளவுதான்.

மருந்து வந்தபின் நோய் அடங்கியது என்று எழுதி முடித்துவிட்டால் சரித்திரம் பிழையாகிவிடும். வலிப்பு வந்தபின் கொடுப்பதற்கு மருந்து இருக்கிறது. வலிப்பே வராமல் தடுக்க, அழுத்தம் ஏறுவதை முன்கூட்டி அறிய வேண்டும். அதற்குக் கருவி எழும்பூரில் இருந்தால் போதாது, கிராமத்துக்கு வர வேண்டும். இந்தத் திசையில் சென்னை மாகாணம் 1939-இல் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம் ஒரு முக்கியமான படி. சுதந்திரத்துக்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. துணை நிலையங்கள் எழுந்தன. தோள்பையில் ரத்த அழுத்தக் கருவியோடு வரப்பில் நடந்து வந்த கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு தெருவுக்கும் சொந்தமானவர் ஆனார். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம், முறைப்படி சோதனைக்கு வரும் ஏழைக் கர்ப்பிணியின் கையில் பணம் சேர வழி செய்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை நியமித்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மரணத் தணிக்கை. கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பின் 42 நாளுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால், அவள் வீட்டுக்குச் சென்று கணவரையும் தாயையும் விசாரித்து, எந்த இடத்தில் தாமதமானது, யார் எதைக் கவனிக்கத் தவறினார்கள் என்று எழுதி, மாவட்ட ஆட்சியரின் முன்னிலையில் ஆராயும் வழக்கத்தைத் தமிழ்நாடு இந்தியாவில் பலரும் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, 1990-களிலேயே தொடங்கி, 2004-இல் கட்டாயமாக்கிற்று. லக்ஷ்மணசுவாமி முதலியார் கேட்ட கேள்வியையே அரசாங்கம் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கத் தொடங்கியது. உயிரோடு பிறக்கும் லட்சம் பிள்ளைகளுக்கு 2004-06-இல் 111 ஆக இருந்த தாய்மார் மரணம், 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்தியா முழுமைக்கும் அது 97. உதிரப்போக்கால் நேரும் மரணங்கள் குறையக் குறைய, எஞ்சியவற்றில் ரத்த அழுத்தத்தால் நேரும் மரணங்களே முன்னணியில் வந்து நிற்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சியும் நிற்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பாஸ்டன் நகரம் சென்ற அனந்த் கருமாஞ்சி, நஞ்சுக்கொடி வெளியிடும் ஒரு குறிப்பிட்ட புரதமே ரத்தக் குழாய்களைக் கெடுத்து இந்த நோயை உண்டாக்குகிறது என்று 2003-இல் எலிகளில் நிரூபித்தார். கர்ப்பிணியின் ரத்தத்தில் அந்தப் புரதத்தை அளந்து அபாயத்தை முன்னறியும் சோதனை அதிலிருந்து பிறந்தது. நாகபுரியின் இரண்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 894 பெண்களைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, கடுமையாக ஏறிய அழுத்தத்தை இறக்க நிஃபெடிபின், லாபெடலால், மெத்தில்டோபா ஆகிய மூன்று வாய்வழி மாத்திரைகளுமே உதவும் என்று காட்டியது. ஊசி போடவும் கண்காணிக்கவும் ஆள் இல்லாத சிறிய ஆஸ்பத்திரிக்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இனி மீண்டும் நம் சாலைக்கு வருவோம். ஏரிப்பாசன நெல்வயல்களாகக் கிடந்த இந்தப் பிராந்தியத்தில் 1996-இல் ஹூண்டாய்க் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் அஸ்திவாரம் இட்டது. 2006-இல் நோக்கியா வந்து, 2014-இல் கதவடைத்துப் போயிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் உற்பத்தி தொடங்கியது. சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றின் நீண்ட மேசைகளில் கைநேர்த்தியோடு கைபேசிகளைப் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், திருநெல்வேலி என்று பல ஜில்லாக்களிலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்டு, பீகார் என்று பல ராஜ்யங்களிலிருந்தும் வந்தவர்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென்று அரசாங்கம் கட்டிய பெரும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது என்பதே, இங்கே எத்தனை பெண்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. இவர்கள் மணமானபின் விடுதியை விட்டு, ஒண்டுக்குடித்தன அறைகளுக்குக் குடிபெயர்கிறார்கள். தலைச்சன் பிள்ளையைச் சுமப்பது இந்த அறைகளில்தான்.

ரத்த அழுத்த நோய் தலைச்சன் பிள்ளைக்காரிகளையே அதிகமாகத் தேடி வருகிறது என்று முன்னரே சொன்னேன். தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு இட்டு, கைநிறைய வளையலோடு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். அன்பில் பிறந்த வழக்கம் அது. அதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் வைத்தியக் கண்ணோடு பார்த்தால், அழுத்தம் ஏறக்கூடிய அந்த வாரங்களில்தான் அவள் ஒரு செவிலியரின் பார்வையிலிருந்து நீங்கி, மற்றொரு செவிலியரின் பார்வைக்கு இன்னும் வராமல் நடுவில் நிற்கிறாள். செவ்வாய்க்கிழமை தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் சோதனை நடக்கிறது. அங்கே காலையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், இது கண்ணுக்குத் தெரியும்.

“போன மாசம் எங்கம்மா பார்த்தே?”

“ஒரகடத்துல, சிஸ்டர்.”

“அட்டை எங்கே?”

“அங்கேயே ரூம்ல வச்சுட்டு வந்துட்டேன்.”

“பிரஷர் எவ்வளவு இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?”

“நார்மல்னுதான் சொன்னாங்க.”

செவிலியர் பட்டையைச் சுற்றி அழுத்துகிறார், பார்க்கிறார், பத்து நிமிஷம் உட்காரச் சொல்லி மீண்டும் பார்க்கிறார். இப்போது 130-க்கு 88. இது அவளுக்கு எப்போதும் உள்ள அளவா, ஒரே மாதத்தில் ஏறிய அளவா? இந்த ஒரு கேள்விக்கு விடை ஒரகடத்து வாடகை அறையின் அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள், மாதாமாதம் சோதனை விவரம் குறிக்கும் அந்த அட்டையில் கிடக்கிறது. இந்த விவரங்களை அரசாங்கம் கணினியிலும் பதிந்து வைக்கிறது என்பது உண்மையே. தமிழ்நாட்டுக்குள் பதிவு எண்ணைச் சொன்னால் விவரம் கிடைக்கவும் கூடும். ஆனால் ஒடிசாவின் கிராமத்துக்கு ரயிலில் இரண்டு நாள் பிரயாணம் செய்து போகிறவளுக்கு, கையிலுள்ள அட்டைதான் ஆதாரம்.

பிரசவம் முடிந்ததும் பயம் தீர்ந்தது என்று எண்ணுவது மற்றொரு தவறு. நஞ்சுக்கொடி வெளியேறுவதே இந்த நோய்க்கு முடிவான பரிகாரம் என்பது உண்மை. ஆயினும் அழுத்தம் உடனே இறங்கிவிடுவதில்லை, பிரசவமான பல நாட்களுக்குப் பிறகும் வலிப்பு வரலாம். பச்சை உடம்புக்காரி தலைவலிக்கிறது என்றால், குளிர் தாக்கியிருக்கும் என்று சாம்பிராணிப் புகை போட்டு, காதில் பஞ்சு அடைத்துப் படுக்கவைக்கிறோம். அந்தத் தலைவலியைக் கருவிகொண்டு அளந்து பார்க்க வேண்டும். இந்த நோய் வந்து பிழைத்தவளுக்குப் பிற்காலத்தில் நிரந்தர ரத்த அழுத்தமும், இதய நோயும், பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்திய பிறகும், ஆண்டுக்கு ஒரு முறையாவது அவள் தன் கையை அளவுக்கு நீட்ட வேண்டும்.

ஒரகடத்திலும் மாத்தூரிலும் வல்லத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் தாய்மார்களையும், அந்தப் பெண்கள் வேலை செய்யும் இடங்களில் மேற்பார்வை பார்க்கும் சகோதர சகோதரிகளையும் நான் இரு கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. உங்கள் அறையில் குடியிருக்கும் பெண் சூல் கொண்டிருந்தால், செவ்வாய்க்கிழமை சோதனைக்குப் போனாளா என்று கேளுங்கள். விடுப்புக் கேட்டு வந்தால் மறுக்காமல் அனுப்புங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகமும் கையும் வீங்குதல் என்று அவள் சொன்னால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கச் சொல்லாமல், அந்த நேரமே 108-ஐ அழையுங்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் புறப்படும்போது, ஆட்டோவில் ஏறும் முன், அட்டை கைப்பையில் இருக்கிறதா என்று ஒரு தரம் திறந்து பார்த்து அனுப்பி வையுங்கள்.